வடிகஞ்சிக்குத் தடை சொன்னது யார்?

14-7-2025, திங்கள்

சோறு விட்டு இன்றோடு ஒன்பது நாள். சிப்பி கிழித்த உள்ளங்கால் புண் ஆறுகிற வழியாக இல்லை. சர்க்கரை முந்நூற்றுப் பத்து. தோணிரேவிலிருந்து வரும் நர்ஸ் ஜெஸ்ஸி சொன்னாள்: "மாத்திர மட்டும் போதாது தாத்தா. சோறு, இட்லி, கெழங்கு எல்லாம் கொறைங்க. மீனு, முட்ட, கீரை நல்லா சாப்டுங்க." பொன்னேரி டாக்டரும் சீட்டில் அதையேதான் எழுதியிருக்கிறார். குறைக்கச் சொன்னார்கள். நான் அடியோடு விட்டேன். பாதி வேலை எனக்குப் பிடிக்காது.

புண் மட்டும் என்றால் கவலையில்லை. ஏரியில் வலை கட்ட எங்கள் ஊரில் முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். பங்குக்காரன் தன் முறை வரும்போது தானே தண்ணீரில் இறங்கிக் கழி ஊன்ற வேண்டும். தொடர்ந்து மூன்று முறை வராவிட்டால் பங்கு அடுத்த ஆளுக்குப் போய்விடும். இந்தக் காலால் எனக்கு இரண்டு முறை போயிற்று. மூன்றாவது செப்டம்பர் ஐந்து.

அடுத்த ஆள் யார்? என் பங்காளி தருமலிங்கம். நேற்று நலம் விசாரிக்க வந்தான். "ஒடம்பப் பாத்துக்கணா. பாடுக்கு இன்னா, நாங்க இல்லியா?"

இருக்கிறாய், இருக்கிறாய். தெரியும்.

17-7-2025

மடவை மீன் குழம்பு. சோறு இல்லை. கரண்டியால் குடித்தேன். எனக்கு நடக்கும் அநியாயங்களில் இதுதான் பெரியது.

20-7-2025, ஞாயிறு

காலை எட்டரைக்கு எதிரே இட்லி விற்கும் வேலம்மா குண்டானைத் திறக்கிறாள். ஆவி நேராக என் வீட்டுக்குத்தான் வருகிறது. திட்டம் போட்டுத்தான் அங்கே அடுப்பு வைத்திருக்கிறாள்.

ஆசை பதினைந்து நிமிஷத்தில் போய்விடும் என்று பேப்பரில் போட்டிருந்தது. நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. கருவாடு கட்டிய பேப்பரில் எழுத்துக் கூட்டிப் படித்தவன். படித்ததை அப்படியே நம்பும் வழக்கம் கிடையாது. கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பதினெட்டு நிமிஷம். பேப்பர்காரனுக்கு எழுதிப் போட வேண்டும்.

அந்தப் பதினெட்டு நிமிஷமும் கிழிந்த வலையை எடுத்து முடிகிறேன். என் மனைவி லோகநாயகி பார்த்துவிட்டு, "யோவ், ஒனக்கு வர்ற ஆசைக்கு ஏரி மொத்தத்துக்கும் வலை ரெடியாயிடும் போலகீதே" என்றாள்.

3-8-2025, ஞாயிறு

அம்மன் கோயில் கூழ். வேண்டாம் என்றேன். "அம்மன் கூழயே வாணாங்கறியே, நீ இன்னா பெரிய ஆளா?" என்று கேட்டார்கள். சாமிக்கு மரியாதை வேண்டுமே என்று ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன்.

இரண்டு விரல்.

8-8-2025, வெள்ளி

இருநூற்று அறுபத்தெட்டு. ஒரு மாதம் சோறு இல்லாமல் கிடந்ததற்கு இதுதானா? மெஷின் கெட்டுவிட்டது என்றேன். ஜெஸ்ஸி தன் விரலிலேயே குத்திப் பார்த்தாள். தொண்ணூற்றாறு. "மெஷினு நல்லாதான் கீது தாத்தா."

அப்படியென்றால் வீட்டில்தான் ஏதோ நடக்கிறது. குழம்பு கெட்டியாக அரிசி மாவு கரைத்து ஊற்றுகிறாளோ? லோகநாயகியிடம் கேட்டும் விட்டேன். குரலை உயர்த்தியும் கேட்டேன். "ஒரு மாசமா எனக்கு ஒண்ணு, ஒனக்கு ஒண்ணுன்னு ரெண்டா ஆக்கறேன். என்னையா கேக்கற?" என்று கரண்டியைப் போட்டுவிட்டுப் போனாள். அப்புறம் பேச்சில்லை.

இன்னும் நாலே வாரம். புண் அப்படியே கிடக்கிறது. தருமலிங்கம் புதுக் கழி வெட்டி வைத்திருக்கிறானாம்.

11-8-2025, திங்கள்

காலையில் கட்டு மாற்ற ஜெஸ்ஸி வந்தாள். நான் சொம்போடு உட்கார்ந்திருந்தேன்.

"இது இன்னா தாத்தா?"

"வடிகஞ்சி. உப்பு போட்டு, கருவாடு தொட்டுக்கினு. ஒரு பருக்க கீதா பாரு."

"தெனமுமா?"

"காலைல ஒரு சொம்பு, சாயங்காலம் ஒரு சொம்பு. அதுகூட இல்லன்னா மனுசன் எப்படி நிக்கறது?"

அவள் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். "சோத்த வுட்டுட்டு, அதுல எறங்குன மாவ சொம்பு சொம்பா குடிச்சிக்கினு கீறீங்களே!"

உள்ளேயிருந்து சிரிப்பு. மூன்று நாளாகப் பேசாதவளின் சிரிப்பு. "அத மருந்துன்னு குடிக்கிறார்னு நெனச்சேம்மா!"

சீட்டை எடுத்து மேலிருந்து கீழ்வரை படித்தேன். சோறு இருக்கிறது, இட்லி இருக்கிறது. வடிகஞ்சி எங்கே இருக்கிறது? என் அப்பா வடிகஞ்சி குடித்துவிட்டுத்தான் ஏரியில் இறங்குவார். எங்களுக்கு அது தண்ணீர்க் கணக்கு. எழுதாதது டாக்டர் தப்பு. இதில் நான் மாற மாட்டேன்.

சொம்பை மட்டும் கவிழ்த்து வைத்தேன்.

12-8-2025

மன்னிப்பு என்ற சொல்லை நான் சொல்லவில்லை. கிழங்கான் மீன் அரைக் கூடையை நானே ஆய்ந்து கொடுத்தேன். "செதில ஒழுங்கா எடு," என்றாள் லோகநாயகி. பேசிவிட்டாள்.

19-8-2025

உண்மையான விரதம் இப்போதுதான். முதல் மூன்று நாள் தலைவலி. உப்பு போட்ட மோர் குடித்துச் சமாளித்தேன். நண்டு, முட்டை, முருங்கைக்கீரை. ஆசை இப்போது ஒன்பது நிமிஷம்தான். வேலம்மா, "இன்னா பெரியவரே, இப்பல்லாம் வலையும் கையுமா காணோமே?" என்று கேட்கிறாள். அவள் இட்லியும் இப்போது சின்னதாகத்தான் தெரிகிறது.

27-8-2025

பிள்ளையார் கொழுக்கட்டை. ஒன்று. முழுசாக. மறைக்க மாட்டேன்.

29-8-2025, வெள்ளி

நூற்று நாற்பத்தெட்டு! புண் மூடிப் புதுத் தோல் வந்திருக்கிறது, குழந்தைத் தோல் மாதிரி. டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்தார். ஏரியில் இறங்கலாமா என்று கேட்டேன். ஷூ போடாமல் இறங்கக் கூடாது, ஏறியதும் காலைக் கழுவித் துடைத்துப் பார்க்க வேண்டும் என்றார். சரி என்றேன். நான் யாரிடமும் எளிதில் சரி சொல்பவன் இல்லை.

2-9-2025

தருமலிங்கம் வந்தான். நாற்காலியில் சாய்ந்துகொண்டு உள்ளங்காலை அவன் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினேன்.

"ஆறிடிச்சேணா," என்றான். இவ்வளவு சோகமாக யாரும் நல்ல செய்தி சொல்லி நான் கேட்டதில்லை.

6-9-2025, சனி

நேற்று மதியம் இறங்கினேன். பழைய கேன்வாஸ் ஷூ, இடுப்பளவு தண்ணீர். முதல் கழி என் கையால். மீனவர் சங்கத்தில் பேர் போட்டார்கள்: சிங்காரம், வந்தார்.

கரையேறிக் காலைத் துடைத்துவிட்டுத் தூக்கைத் திறந்தேன். அவித்த நண்டு, கீரை. தருமலிங்கம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் தூக்கில் குவித்த சோறு. திறந்தவன் தொடவில்லை.

"எனக்கும் எரநூத்தி எம்பதுணா. வூட்ல சொல்லல."

"எத்தினி நாளா?"

"பொங்கலுக்கு அப்பாலருந்து."

கோபம் வந்தது. இவ்வளவு நாளாகவா? "நீ எறங்கலன்னா ஒன் பங்கு யாருதுடா? எனுது. ஞாபகம் வச்சிக்க," என்றேன். சிரித்தான். பெரிய நண்டாகப் பார்த்து அவன் பக்கம் தள்ளினேன்.

திங்கட்கிழமை ஜெஸ்ஸி வருகிறாள். எட்டு மணிக்கே என் வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று தருமலிங்கத்திடம் சொல்லியிருக்கிறேன். வராவிட்டால் நான் போய்க் கூட்டி வருவேன்.