ஆரியங்காவு இறக்கமும் பெரிய அண்டாவும்

தென்காசி,
சனிக்கிழமை

அன்பு மகன் சமீருக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். ரப்புடைய கிருபையில் இங்கே எல்லாரும் எழுந்து நடமாடுகிறோம், உன் சுகத்துக்கும் ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். நான் போனை எடுத்தாலே உங்க வாப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு ஸ்பீக்கரில் போடு என்கிறார், அப்புறம் நான் மழையைப் பற்றித்தான் பேச முடியும். பக்கத்து வீட்டு அஃப்ஷானின் மாப்பிள்ளை லீவு முடிந்து தம்மாமுக்குத் திரும்புகிறார், அவர் கையில் இதையும் நார்த்தங்காய் ஊறுகாயையும் கொடுத்தனுப்புகிறேன். ஊறுகாயை ரூமில் இருக்கிறவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்து ஒரே நாளில் தீர்த்துவிடாதே.

குற்றாலத்தில் சீசன் நன்றாக இருக்கிறது, சாரல் விடாமல் அடிக்கிறது, துணிதான் காயமாட்டேன் என்கிறது. அருவிக்குப் போகிற கார்களால் ஞாயிற்றுக்கிழமை மல்லி இலை வாங்கக்கூட ரோட்டைக் கடக்க முடியவில்லை. உன் பெண்டாட்டி நஸீபாவுக்குப் பல்வலி, இப்போது குறைந்திருக்கிறது, உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றாள், சொல்லிவிட்டேன். நீ ஏசியில் ஈரத் தலையோடு படுக்காதே.

இனி நீ கேட்ட காரியம். வாப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதும், நோன்பு மாதத்தில் பிக்கப்பை ரிவர்ஸ் எடுக்கும்போது எதிர்வீட்டுச் சுவரை இடித்ததும் உனக்குத் தெரியும். வண்டியை விற்றுவிடலாம், அதற்கு முன்னால் நீ ஒரு தடவை கூடப் போய்ப் பார்த்துவிட்டு உள்ளதைச் சொல்லு உம்மா என்றாய். வண்டி உன் பேரில் இருக்கிறது, நீ விற்கச் சொன்னால் அவர் வாய் திறக்கமாட்டார், ஆனால் வண்டி போனால் கல்யாணச் சமையலும் போச்சு, அந்த மனுஷன் நாள் பூரா வீட்டில் உட்கார்ந்து அடுப்பில் கொதிக்கிற என் ஆணத்துக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருப்பார். அது தெரிந்தும் விற்கலாம் என்றுதான் எனக்கும் எண்ணமாக இருந்தது. வெள்ளிக்கிழமை வந்து வண்டியைப் பார்க்கும்படி புரோக்கர் முகம்மது சலீமிடமும் சொல்லி வைத்திருந்தேன். புனலூரில் ஒரு கல்யாணச் சமையல் வந்தது, மலை தாண்டிப் போக வேண்டும், நானும் வருகிறேன் என்றேன். உனக்கு அங்கே என்ன சோலி என்று கேட்டார். கல்யாணப் பொண்ணைப் பார்க்கணும் என்றேன்.

சமையல் ஆட்கள் முதல் நாளே ரயிலில் போய்விட்டார்கள். பாத்திரங்கள் மொத்தமும் பிக்கப்பில் கொள்ளாது என்று சுரண்டை பெலிக்ஸ் பட்டறையில் ஒரு டிரெய்லர் செய்து வாங்கினாரே, அதைப் பின்னால் மாட்டிக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பினோம். அந்த டிரெய்லர் இதுவரை கடையம், சுரண்டை என்று சமதரையில் ஓடியதுதான், மலைக்கு இதுதான் முதல் தடவை. பாரம் ஏற்றியதெல்லாம் வழக்கப்படிதான். நம் வீட்டுச் சமையலில் சோறு வேகிற பெரிய அண்டாதான் கல்யாண வீட்டு வாசலில் முதலில் இறங்க வேண்டும், அந்த வீட்டில் வயதில் மூத்த பெண்மணி பிஸ்மி சொல்லி அதில் ஒரு பிடி அரிசி போட வேண்டும், அதற்கப்புறம்தான் ஒரு கரண்டியானாலும் இறங்கும், இதெல்லாம் நீ பார்த்து வளர்ந்ததுதான். முதலில் இறங்க வேண்டியது கடைசியில் ஏறும். ஆகவே பாயும், நாலு பேர் சேர்ந்து உண்ணுகிற சஹன் தட்டும் டிரெய்லரில் முன்னால், அண்டா பின்னால் வால் ஓரத்தில், இடம் மிச்சம் பிடிக்க அரிசி மூட்டைகள் அண்டாவுக்குள், அதை ஒட்டி அடுப்பு இரும்புகள். வாடகை மினி லாரியில் எத்தனையோ காலம் இப்படித்தான் போய் வந்தது, ஒன்றும் ஆனதில்லை.

புளியரை தாண்டி ஏற்றத்தில் இரண்டாம் கியரில் உருட்டிக்கொண்டு போனார். எஸ் வளைவில் பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்து உயிரை எடுத்தான், இவர் அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி அவனைப் போகவிட்டார். நான் இவர் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தேன், என் முகத்தில் என்ன எழுதியா இருக்கு என்று கேட்டார். கண்ணில் குறை ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. கோட்டைவாசல் தாண்டி ஆரியங்காவு வரை சண்டையில்லாமல் போய்விட்டோம்.

அதற்கப்புறம் ஒரு நீளமான இறக்கத்தில் டிரெய்லர் ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு நாய் வாலை ஆட்டுகிற மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம், அது ஆட ஆட பிக்கப்பின் பின்பக்கமும் சேர்ந்து இழுபட்டது. எதிரே கேரளா பஸ் வருகிறது, இடதுபக்கம் பள்ளம், ரோடு ஈரம். பிரேக்கைப் பிடிங்க, பிரேக்கைப் பிடிங்க என்று நான் கத்தினேன். “இப்பம் பிடிச்சா வாலு முன்னால வந்திரும், பேசாம இரி” என்றார். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு இருந்தார், அவ்வளவுதான். பஸ் எங்களை உரசாத குறையாகப் போனது. ஆட்டம் மெல்ல அடங்கியது, ஒரு சாயாக்கடை முன்னால் ஒதுக்கி நிறுத்தினார். நான் ஓதிக்கொண்டே இருந்தேன், என்ன ஓதினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அவர் இறங்கி ஒரு சுற்றுச் சுற்றி வந்து டிரெய்லரின் பின்பக்கத்தில் கையை ஊன்றி அழுத்தினார். கொக்கி இருக்கிற முன்பக்கம் மேலே எழும்பி பிக்கப்பின் பின்பக்கத்தையும் சேர்த்துத் தூக்கியது. பாரம் பூரா வாலில் கிடக்கு, அதான் ஆடுது, அண்டா முன்னால வந்தாத்தான் அடங்கும் என்றார். சொல்லிவிட்டு மழையில் அப்படியே நின்றார். என்ன யோசனை என்று எனக்குத் தெரியும். அண்டா முன்னால் போனால் கல்யாண வீட்டில் முதலில் இறங்காது. வழக்கத்தில் மயிரிழை பிசகினாலும் ஆளைக் கடித்துக் குதறுகிறவர் அவர். கடையத்தில் ஒரு கல்யாணத்தில் எவனோ அவசரப்பட்டுக் கரண்டிகளை முதலில் இறக்கிவிட்டான் என்று எல்லாவற்றையும் திரும்ப ஏற்றி மறுபடி இறக்க வைத்தவர். மெதுவாக ஓட்டிச் சமாளித்துக்கொள்வோம் என்று வண்டியில் ஏறிவிடுவார் என்றுதான் நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன் சமீர், அவர் அப்படி ஏறியிருந்தால் அன்றைக்கே உனக்குப் போன் போட்டு விற்றுவிடு என்று சொல்லியிருப்பேன்.

அவர் கயிற்றை அவிழ்த்தார். சாயாக்கடைக்காரரும் அங்கே நின்ற இரண்டு பேரும் கை கொடுத்தார்கள். சாரலில் நனைந்துகொண்டே எல்லாவற்றையும் ரோட்டோரம் இறக்கி, அண்டாவையும் அரிசியையும் சக்கரத்துக்கு முன்னால் வருகிறபடி ஏற்றி, பாயையும் தட்டையும் வாலுக்குத் தள்ளினார்கள். நான் கட்டன்சாயா குடித்துக்கொண்டு பார்த்தேன். அதற்கப்புறம் தென்மலை தாண்டிப் புனலூர் வரை டிரெய்லர் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு பின்னால் வந்தது.

போய்ச் சேரும்போது நேரமாகிவிட்டது, அங்கே எல்லாருக்கும் முகம் சரியில்லை. அந்த வீட்டு மூத்த பெண்மணி ஹாஜரா பீவி, நம் தென்காசியில் பிறந்து அங்கே வாழப் போனவர், நம் வழக்கம் தெரிந்தவர், கையில் ஒரு பிடி அரிசியோடு வாசலிலேயே நிற்கிறார். இங்கே பாய் இறங்குகிறது, தட்டு இறங்குகிறது. “என்ன கிதிரு, அண்டாவைக் காணல, பாய்தான முதல்ல வருது” என்று கூட்டத்துக்கு நடுவில் உங்க வாப்பாவைப் பேர் சொல்லிக் கேட்டுவிட்டார். இனி சண்டைதான் என்று நான் துப்பட்டியை இழுத்து மூடிக்கொண்டேன். உங்க வாப்பா அந்த வாசலில் தலையைக் குனிந்து நின்றார். “மலையில டிரெய்லர் ஆடிட்டு மாமி. வண்டியில இவளும் இருந்தா. அதான் அண்டாவ முன்னால ஏத்திட்டேன், பொறுத்துக்கிடுங்க” என்றார். என்னைக் கட்டிய நாளிலிருந்து அவர் யாரிடமும் பொறுத்துக்கொள்ளச் சொல்லி நான் கேட்டதில்லை, எனக்காக ஒரு வார்த்தை நாலு பேர் முன்னால் சொல்லியும் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, அடுப்புப் புகை என்று சொல்லிக்கொள்ளலாமென்றால் அடுப்பு இன்னும் மூட்டவேயில்லை. அந்த மாமி அண்டா இறங்குகிற வரை அந்தப் பிடி அரிசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

இதுதான் நடந்தது, கூட்டவுமில்லை குறைக்கவுமில்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது இனியும் சுவரை இடிப்பார், அதற்கு நான் இறங்கிப் பின்னால் நின்று கை காட்டிக்கொள்கிறேன். வழக்கத்தை விட்டுக்கொடுத்து ஊர் நடுவில் தலை குனிகிற மனுஷன் வண்டியைப் பள்ளத்தில் விடமாட்டார், எனக்கு அது போதும். நேற்று முகம்மது சலீம் வந்தார், சாயா கொடுத்து, என் மகன் மனசு மாறிவிட்டான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதனால் நீ மனசை மாற்றிக்கொள். இந்தப் பேச்சை இனி போனில் எடுக்காதே.

அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும், நல்ல ரிஸ்கையும் சம்பாத்தியத்தையும், வேலையிடத்தில் நல்ல மனுஷர்களையும் தரட்டும். நஸீபாவின் பல்லை நீயாகக் கேட்பதுபோல் கேள், நான் சொன்னதாகச் சொல்லாதே. அடுத்த மாதம் புனலூருக்கு இன்னொரு சமையல் வந்திருக்கிறது. நீயும் வாட்டி என்று அவரே கூப்பிட்டார். போகிறேன். இந்தத் தடவை அவர் கண்ணைப் பார்க்க மாட்டேன், ரோட்டைப் பார்த்துக்கொண்டு போவேன்.

உன் உம்மா,
ஜாஹிரா பீவி