கரைத் தெருவுக்குச் சுண்ணாம்பு

1886 ஏப்ரல் 11, ஞாயிறு

"ஐயா, மேல்வாசல் இருக்கு, நடுவாசல் இருக்கு. கீழ்வாசல் எங்க?"

பல வருடங்களுக்கு முன் வகுப்பில் காஸ்பர் கேட்ட கேள்வி. அப்போது அவன் கடைசி பெஞ்சு. ஜன்னல் பக்கம் கை நீட்டி ஏரியைக் காட்டினேன். நானூறு வருடங்களுக்கு முன் ஒரு மாசி மாதத்தில், ஊர் மதிலின் மூன்றாவது வாசலான கீழ்வாசலோடு சேர்ந்து ஒரு தெரு முழுவதும் தண்ணீருக்குள் போனது. நகரசபைப் பெட்டியில் இருக்கும் பழைய தாளில் அதைப் பற்றி இரண்டே வரிதான்.

அந்தக் காஸ்பர் இன்று என் மருமகன். கரைத் தெருவில் ரொட்டிக் கடை. புதிய படகுத்துறைக் குழுவில் அவனும் ஒரு உறுப்பினர். பூசை முடிந்து வெளியே வரும்போது, நாளை முதல் தூண் அடிக்கப் போகிறார்கள் என்று சொன்னான். லூசெர்னில் இறங்கும் வெளிநாட்டுப் பயணிகள் நீராவிப் படகில் நம் ஊருக்கும் வருவார்களாம். "துறை மட்டும் வரட்டும் மாமா, அப்புறம் பாருங்க நம்ம ஊர."

ஊர் எதன்மேல் நிற்கிறது என்பதை நான்தான் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். மேல்வாசலுக்கு அடியில் பாறை. நடுவாசலுக்கு அடியில் சரளை. கரைத் தெருவுக்கு அடியில், மலையோடை காலம் காலமாகக் கொண்டுவந்து ஏரியில் கொட்டிய சேறும் பொடிமணலும். பரீட்சையில் எல்லோரும் சரியாகத்தான் எழுதினார்கள்.

ஏப்ரல் 30

நாள் முழுவதும் தூண் அடிக்கும் சத்தம். மைக்கூட்டில் வட்டம் வட்டமாக அலை.

மே 9, ஞாயிறு

வெரேனா வீட்டில் சாப்பாடு. என் மகளுக்கு இப்போது எட்டாம் மாதம். வறுத்த ஏரி மீனும் உருளைக்கிழங்கும். கதவைத் திறக்க முடியாமல் தோள் கொடுத்துத் தள்ளினேன். ஈரத்தில் மரம் ஊதியிருக்கிறது என்றாள் சம்பந்தியம்மா கிரெசென்ஷியா. ஒரு மாதமாக மழையே இல்லை.

தூண்கள் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்குகின்றன என்று காஸ்பர் பெருமையாகச் சொன்னான். இரண்டு அடி அடித்தால் போதுமாம், மீதியைத் தூணே பார்த்துக்கொள்கிறதாம். தட்டைத் தள்ளி வைத்தேன். அவன் தொழிலை வைத்தே கேட்டேன்.

"கேக்குல குச்சிய விட்டுப் பாக்குற. குச்சி ஈரமா வருது. என்ன சொல்வ?"

"வேகலன்னு சொல்வேன்."

"அதுமேல வீடு கட்டுவியா?"

அவன் சிரித்தான். வெரேனாவும் சிரித்தாள். கிரெசென்ஷியா மட்டும் சிரிக்காமல், "வாத்தியாருக்கு வேலையில்ல. ஏரிக்குப் பரீட்சை வெக்கிறார்" என்று தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மே 21

வெரேனா வீட்டு அடுப்பறைச் சுவரில் விரிசல். முதலில் தலைமுடி ஒட்டியிருப்பதாக நினைத்தேன்.

ஜூன் 4

நகரசபைக்குப் போனேன். தலைவர் ஆம்ப்ரோஸ் ஷ்டோக்கரும் என் பழைய மாணவன்தான். உட்காரச் சொன்னான், செர்ரிச் சாராயம் ஊற்றிக் கொடுத்தான், பொறுமையாகக் கேட்டான். கடைசியில், "ஐயா, பள்ளிக்கூடம் விட்டாச்சு, மணி அடிச்சாச்சு. இன்னும் கரும்பலகைய அழிக்காம நிக்கிறீங்களே" என்றான். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். வஞ்சம் இல்லாத சிரிப்புதான். அதுதான் பயமாக இருக்கிறது.

வெளியே வரும்போது கதவில் புதிய அறிவிப்பு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஜூலையில் துறைத் திறப்பு விழா. தண்ணீரிலிருந்து பார்க்க அழகாக இருக்கவேண்டுமாம். ஆகவே கரைத் தெரு வீடுகள் எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடிக்கவேண்டும், விரிசல்களைப் பூசி மறைக்கவேண்டும்.

ஜூன் 14

பெண் குழந்தை. இருவரும் நலம். கடவுளுக்கு நன்றி.

ஜூன் 16

ஞானஸ்நானம். ஆகத்தா என்று பெயர். ஞானத்தாய் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனாள். வழக்கம்போல வெரேனா வீட்டிலேயே இருந்தாள். பிள்ளை பெற்றவள் ஆறு வாரம் வாசற்படி தாண்டக் கூடாது. பிறகு கோயில் வாசலில் சாமியார் கை பிடித்து உள்ளே அழைத்துப்போய் ஆசீர்வதிப்பார். அதன்பிறகுதான் அவளுக்குத் தெரு, கிணறு, சந்தை எல்லாம். என் மனைவியும் அப்படித்தான் இருந்தாள். அப்போது நான் அதைப் பற்றி ஒன்றும் யோசித்ததில்லை.

ஆறு வாரம். ஜூலைக் கடைசி வரை. அந்த வீட்டில்.

ஜூன் 23

கரைத் தெரு முழுவதும் வெள்ளை. மேல்வாசலிலிருந்து பார்த்தால் பல்வரிசை மாதிரி இருக்கிறது. ஏணிகள், வாளிகள், ஒருவர் சட்டையில் ஒருவர் தெளித்து விளையாட்டு. திருவிழாக் களை வந்துவிட்டது என்கிறார்கள்.

ஒரு வீட்டுக்கு வைத்தியர் வந்து, நாக்கை நீட்டு என்கிறார். வீட்டுக்காரர் நோயாளியின் நாக்குக்குச் சாயம் அடித்துக் காட்டுகிறார். வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

ஜூன் 25

காஸ்பர் வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு முழுதாகக் காயக்கூட இல்லை. அதே இடத்தில் அதே கோடு. இப்போது வெள்ளைமேல் கறுப்பாக, நன்றாகவே தெரிகிறது.

ஜூன் 30

காஸ்பர் என் வீட்டுக்கு வந்தான். உட்காரவில்லை. நேற்று அடித்த தூண் ஒன்று காலையில் காணோம் என்றான். உடையவில்லை, மிதக்கவில்லை. தானாக உள்ளே போய்விட்டது. அந்த இடத்தில் தண்ணீர் கலங்கி, கஞ்சி கொதிப்பதுபோல மொட்டு மொட்டாகக் குமிழி. வெளியூரிலிருந்து வந்த பொறியாளர் அதைப் பார்த்துவிட்டு, நீளமான தூண் கொண்டுவரச் சொல்லிவிட்டாராம்.

"நிறுத்தச் சொல்லு" என்றேன்.

"இப்ப நிறுத்தினா ஊரே என்னைத் தின்னுடும் மாமா. கையெழுத்துப் போட்டவன் நான்."

"வெரேனாவையாவது இங்க அனுப்பு."

"அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க" என்றான், செருப்பைப் பார்த்துக்கொண்டு.

ஜூலை 3

கேட்டுப் பார்த்தேன்.

வெரேனா குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். "ஆசீர்வாதம் ஆகாம படி தாண்ட முடியாதுப்பா. உனக்குத் தெரியாதா?" என்றாள். அவளும் சுவரைப் பார்க்கிறாள், கதவு இழுக்கும் சத்தத்தைக் கேட்கிறாள். பயம் அவள் முகத்தில் இருக்கிறது. ஆனால் வேறொரு பயம் அதைவிடப் பெரிதாக இருக்கிறது.

இது மூடப்பழக்கம் என்று நான் ஆரம்பித்தேன். கிரெசென்ஷியா மாவுக் கையோடு அடுப்பறையிலிருந்து வந்தாள். இத்தனை வருடத்தில் அந்தக் குரலை நான் கேட்டதில்லை.

"நான் தாண்டினேன் வாத்தியாரே. மூணாவது பிள்ளைக்கு. வீட்ல சொட்டுத் தண்ணியில்ல, கிணறு வரைக்கும்தான் போனேன். அந்த வாரமே பிள்ள போச்சு. உங்க புத்தகத்துல அதுக்கு என்ன போட்டிருக்கு?"

என்ன போட்டிருக்கு? ஒண்ணும் இல்ல. அறுபத்தெட்டு வயசு எனக்கு. தப்புன்னு தெரியும். தப்புன்னு எப்படிச் சொல்றது, ஒரு தாய்கிட்ட?

ஜூலை 5

பங்குச்சாமியாரிடம் போனேன். நல்ல மனிதர். அது திருச்சபைச் சட்டம் இல்லை, வழக்கம்தான், எப்போது வந்தாலும் ஆசீர்வதிக்கிறேன் என்றார். வீட்டுக்கே வந்து செய்யுங்கள் என்றேன். முடியாது, அந்த ஆசீர்வாதத்தைக் கோயிலில்தான் கொடுக்கவேண்டும் என்றார்.

கோயிலுக்குப் போனால்தான் வாசற்படி தாண்டலாம். வாசற்படி தாண்டினால்தான் கோயிலுக்குப் போகலாம். திரும்பி வரும்போது வழியெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு வந்தேன். பைத்தியக்காரன் மாதிரி.

ஜூலை 7

கரையோரம் முழுவதும் தண்ணீர் பால்காப்பி நிறம். வாத்துகள் ஒன்றும் இல்லை.

ஜூலை 9, வெள்ளி

நேற்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் போனேன். தெருக் கல்லுக்கும் காஸ்பர் வீட்டு வாசற்படிக்கும் நடுவே ஒரு பிளவு. உள்ளங்கை நுழைந்தது. கதவு அசையவில்லை. பின்பக்கமாக, மாவு மூட்டை இறக்கும் வழியில் உள்ளே போனேன். காஸ்பர் மேலே சபையில் இருந்தான். கடைசியில், வேலையை நிறுத்தச் சொல்லத்தான் போயிருந்தான். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

கிரெசென்ஷியாவைக் கூப்பிட்டு, ஜன்னல் வழியாக அந்தப் பிளவைக் காட்டினேன். சொல்ல என்னிடம் உதாரணமே இல்லை. அவள் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். அவள் காலடியில், தெருவில் இருக்கவேண்டிய காற்று வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது.

பிறகு பரண் ஏறினாள். மேலே ஏதோ உருளும் சத்தம். இறங்கி வரும்போது கையில் ஒரு கூரை ஓடு. உள்ளிருந்தே கழற்றியிருக்கிறாள். இடுப்பில் கட்டியிருந்த துணியால் பாசியைத் துடைத்தாள். வெரேனாவின் தலையில் வைத்தாள். அவள் கையை எடுத்து அதன்மேல் வைத்து அழுத்தினாள்.

"எங்க பாட்டி காலத்துல பிள்ள பெத்தவங்க தண்ணிக்கு இப்படித்தான் போவாங்களாம். நம்ம வீட்டுக் கூரை உன் தலைமேல இருக்கு. அது இருக்கிற வரைக்கும் நீ வீட்டுக்குள்ளதான் இருக்க. கைய எடுக்காத. போ."

"நீங்களும் வாங்கத்தே."

"அடுப்புல ரொட்டி இருக்கு. எடுத்துட்டு வரேன், போ."

நான் இழுத்திருக்கலாம். குழந்தை என் கையில் இருந்தது.

வெள்ளையடித்த வீடுகளுக்கு நடுவே மேலே ஏறினோம். தலையில் ஓட்டைப் பிடித்துக்கொண்டு ராணிபோல நேராக நடந்தாள் என் மகள். ஏணியில் நின்று கொடி கட்டிக்கொண்டிருந்த ஒருவன், "வாத்தியாரே, வீட்டையே பேத்துட்டுக் கெளம்பிட்டீங்களா" என்று கேட்டான். பக்கத்து ஏணியில் சிரிப்பு. இறங்கி மேலே வாருங்கள் என்று கத்தினேன். சிரிப்பு அதிகமானது.

நடுவாசலுக்குள் நுழைந்தபோது பின்னால் சத்தம். இடிச் சத்தம் இல்லை. பெரிய மாடு ஒன்று சேற்றிலிருந்து காலை உருவும்போது வருமே, அப்படி. திரும்பினேன். கரைத் தெருவின் நடுப்பகுதி நின்றபடியே கீழே போய்க்கொண்டிருந்தது. சுவர்கள் சாயவில்லை. ஜன்னல், பிறகு கொடிகள், பிறகு கூரை. கூரை போன பிறகும் புகைபோக்கியிலிருந்து கொஞ்ச நேரம் புகை வந்தது. எந்த வீட்டுப் புகைபோக்கி என்று எனக்குத் தெரியும்.

வெரேனா கையை எடுக்கவே இல்லை. என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகும்.

ஜூலை 13

ஏணியில் நின்ற இருவரின் உடல்களும் கிடைத்தன. கிரெசென்ஷியா இன்னும் கிடைக்கவில்லை. காஸ்பர் படகிலேயே இருக்கிறான்.

ஜூலை 26

கோயில் வாசலில் சாமியார் வெரேனாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். ஆறு வாரம் முடிந்துவிட்டது. கூட்டம் நிறைய. குழந்தை நன்றாகக் கத்தியது.

ஆகஸ்ட் 8, ஞாயிறு

இன்று ஊர்க்கூட்டம். வாங்கிப் போட்ட மரம் வீணாகக் கூடாது, கொஞ்சம் தெற்கே தள்ளித் துறையைக் கட்டலாம், அங்கே கெட்டி நிலம் என்று ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். அங்கேயும் இன்னொரு ஓடை கொட்டிய மணல்தான். எதிர்த்துப் பேசக் காஸ்பருக்குத்தான் உரிமை, நான் பேசினால் கிழவன் புலம்பல்.

நேற்று சமையலறையில் ஒரு கிண்ணத்தை வைத்து அவனுக்கு ஒன்றைச் செய்து காட்டியிருந்தேன். அவன் முழுவதும் பார்த்தான், எழுந்து கொல்லைக்குப் போனான், திரும்பி வர நேரமானது.

இன்று கூட்டத்தில் அவன் எழுந்தான். என் கிண்ணத்தைத் தலைவர் மேஜையில் வைத்து, அதையே செய்தான். முன்வரிசை எழுந்து வந்து பார்த்தது. பிறகு பின்வரிசை. வாக்கெடுப்பில் தீர்மானத்துக்கு ஆதரவாகத் தூக்கிய கைகள் மிகக் கொஞ்சம். ஷ்டோக்கரின் கை மேஜையை விட்டு எழவில்லை.

ஆகத்தா, பெரியவளாகி இதைப் படித்தால் நீயும் செய்து பார். ஒரு கிண்ணத்தில் பொடிமணலை அழுத்தாமல் நிரப்பு. மணல் முழுக்க நனைந்து, மேலே தண்ணீர் லேசாகத் தெரியும்வரை ஊற்று. அதன்மேல் கனமான கல் ஒன்றை வை. அது நிற்கும். இப்போது கிண்ணத்தின் பக்கத்தில் விரலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே இரு, கல்லைப் பார்.