செருப்பில் ஒட்டும் மழை

அன்புள்ளவனே,

உன் கடையிலிருந்து எடுத்துவந்த அந்தச் சின்னக் கணினியை நிறுத்திவிடலாம் என்று இன்று காலை அதன் மூடியைக் கழற்றினேன். சால்டரிங் வாசனை அடித்தது. நீ போய் இத்தனை மாதம் கழித்தும் அது எப்படி உள்ளே தங்கியிருக்கிறதோ! ஆயுத பூஜைக்கு நீ வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து உதிர்ந்து விசிறிக்குள் கிடந்தது. அழுகை வரும் என்றுதான் நினைத்தேன். சிரிப்பு வந்தது.

கோவில்பட்டி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் செல்போன் பழுதுபார்த்துக்கொண்டிருந்த நீயும், தீப்பெட்டி லேபிள் அச்சகத்தில் வேலை பார்த்த நானும் கோஃபர் பைத்தியம் பிடித்து அலைந்ததைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். இணையத்தில் படமும் வண்ணமும் பெருகுவதற்கு முந்தைய ஏற்பாடு அது. வெறும் எழுத்து. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரே ஒரு குறி இருக்கும். இது கட்டுரை, இது இன்னொரு பட்டியல் என்று அது சொல்லும். உலகில் அங்கொருவர் இங்கொருவராக இன்னும் அதைக் கட்டி அழுகிறார்கள். அவர்களுடைய மின்னஞ்சல் குழுவில் போய், மழைக்கு ஒரு புதுக் குறி வேண்டும் என்று கேட்டவன் நீ.

அளவு மில்லிமீட்டரிலா என்று கேட்டார்கள். "செருப்பில்" என்று பதில் போட்டாய். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

நீ சொன்னதில் தப்பில்லை. தூறல், செருப்பில் மண் ஒட்டும் மழை, உழவு மழை, ஓடை ஓடும் மழை. கரிசல் காட்டில் வெள்ளாமை செய்பவனுக்கு இந்த நான்கும் போதும். ஊருக்கு ஒருவர் தன் ஊர் மழையை ஒரு வரியாக எழுத வேண்டும், அவ்வளவுதான். புதுக் குறி தெரியாத பழைய செயலியில் திறந்தாலும் அந்த வரி சும்மா எழுத்தாகவாவது தெரிய வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய். "புதுசா ஒண்ணு சேக்கிறோம்னு பழைய ஆள வெளிய நிப்பாட்டக் கூடாதுலே" என்பாய்.

குழுவில் யாரும் ஆமாம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. உனக்கு அதுதான் வருத்தம். "நாம ரெண்டு பேரு மட்டும் பேசிக்கிட்டா இது டீக்கடைலே. மூணாவதா ஒருத்தன், நம்மளத் தெரியாதவன், எடுத்துப் பயன்படுத்தணும்." அந்த மூன்றாவது ஆளுக்காக நீ காத்திருந்த மாதிரி உன் கல்யாணத்துக்குக்கூடக் காத்திருக்கவில்லை.

அந்த ஐப்பசி நினைவிருக்கிறதா? குழுவுக்குக் காத்திராமல் சுற்று ஊர்களின் மழை வரிகளை இந்தச் சின்னக் கணினியில் நாமே ஏற்ற ஆரம்பித்திருந்தோம். கழுகுமலைப் பக்கத்து ஆட்டுக்கார அண்ணாச்சி எனக்குப் போன் போட்டார். "தம்பி, பசுவந்தனைப் பக்கம் மழ உண்டா? தண்ணி கெடந்தா ஆட்ட அங்கன பத்திருவேன்." பசுவந்தனை உன் ஊர், அந்த ஊர் வரியை எழுத வேண்டியவன் நீ. பார்த்தேன், ஒன்றும் புதிதாக இல்லை. மழை இல்லை அண்ணாச்சி என்று அடித்துச் சொல்லிவிட்டேன். அவர் ஆட்டை வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

சாயங்காலம் முழங்கால்வரை கரிசல் அப்பிக்கொண்டு என் அச்சக வாசலில் வந்து நின்றாய். முகமெல்லாம் பல்.

"முந்தாநாள் நல்ல உழவு மழலே! இன்னைக்குப் பதம். உளுந்து வெதச்சாச்சு."

"ஏலே, அத ஏன்லே எழுதல?"

"பதம் தப்புனா இந்த வருசமே போச்சு. வெதைக்கவா, டைப் அடிக்கவா?"

உலகத்துக்கே மழைக் குறி கேட்டவன், சொந்த ஊர் மழையை எழுதவில்லை! அண்ணாச்சியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். வைதார், பாதியிலேயே சிரித்துவிட்டார். "மழ பேஞ்ச ஊர்ல எவன்யா சும்மா இருப்பான்?" என்றார். நீ திடீரென்று சிரிப்பை நிறுத்தினாய். சேற்றுக் காலோடு உள்ளே வந்து உட்கார்ந்தாய். ஊர் பேசாமல் இருந்தால் மழை இல்லை என்று அர்த்தமில்லை, பேச நேரமில்லை என்றும் இருக்கலாம். அதையும் அந்த வரியே சொல்ல வேண்டும் என்றாய். அன்றைக்கே எழுதி முடித்தாய். ஒரு வரி பழசாகிவிட்டால் அதன் பக்கத்தில் தானாகவே வரும்: "பேச்சில்லை, ஆள் காட்டில் இருக்கலாம்." உன் யோசனைகளிலேயே எனக்குப் பிடித்தது அதுதான். நீ இருக்கும்போது சொல்லவில்லை. சொன்னால் உன்னைக் கையில் பிடிக்க முடியாது.

மாசியில் உனக்கு நெஞ்சுவலி வந்தது. மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே போய்விட்டாய். எனக்கு உன்மேல் கோபம்தான் அதிகம் வந்தது. இதெல்லாம் அவன் பைத்தியம், நான் சும்மா துணைக்குப் போனவன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதனால்தான் இன்று நிறுத்தப் போனேன்.

நிறுத்துவதற்கு முன்னால் குழு மின்னஞ்சலை ஒருமுறை பார்த்தேன். எங்கோ பனி விழும் நாட்டிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். செம்மறி வளர்ப்பவள். உன் குறியை எடுத்துத் தன் பக்கத்துக் கிராமங்களின் பனிக்குப் பயன்படுத்துகிறாளாம். பூட்ஸ் நுனி, கணுக்கால், முழங்கால் என்று அளவு வைத்திருக்கிறாள். "எங்கள் ஊரிலும் பனி கொட்டினால் யாரும் எழுதுவதில்லை, ஆட்டைத் தேடப் போய்விடுகிறார்கள். 'ஆள் காட்டில் இருக்கலாம்' என்பது யாருடைய யோசனை?" என்று கேட்டிருந்தாள்.

நான் போட்ட கூச்சலில் வீட்டில் எல்லாரும் ஓடிவந்துவிட்டார்கள்.

உன் பெயரை எழுதினேன். பசுவந்தனையை எழுதினேன். நீ இல்லை என்பதையும் எழுதினேன். அந்த ஒரு வரிக்குத்தான் நேரம் பிடித்தது. மத்தியானத்துக்குள் பதில் வந்தது. உனக்காக இரண்டு வரி வருத்தம். அதற்குக் கீழே, இதில் காற்றையும் சேர்க்க ஒரு யோசனை வைத்திருக்கிறேன், இனி யாரிடம் கேட்க வேண்டும் என்று ஒரு கேள்வி.

"என்னிடம்" என்று எழுதி அனுப்பினேன். மூடியைத் திருகி மாட்டிவிட்டேன்.