உதட்டில் தெரியாத ஓசை

கும்மிடிப்பூண்டி,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள என் வீட்டுக்காரர் ஸ்டீபன் அவர்களுக்கு, ஹெலன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தருடைய கிருபையில் நானும் மகள் கிரேஸும் சுகம். பிரான்ஸில், உங்கள் லியோனில் பனி கொட்டுகிறது என்றீர்களே, காதுக்குத் துணி கட்டாமல் வேலைக்குப் போகாதீர்கள்.

கையில் போன் இருக்கும்போது இவள் ஏன் கடிதம் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறாள் என்று நினைப்பீர்கள். பாதியில் கோபம் வந்தாலும் கடைசிவரை படியுங்கள்.

கம்பெனியில் பழைய மெஷின்களின் இரைச்சல் போதாதென்று புதிதாக ஒரு பிரஸ் மெஷின் இறக்கியிருக்கிறார்கள். அது தகட்டை அடிக்கிற அடியில் மேஜைமேல் டீ கிளாஸ் தானாக நகர்கிறது. காதில் வைக்க இயர்பிளக் கொடுக்கிறார்கள். வைத்தால் சூப்பர்வைசர் கூப்பிடுவது கேட்காது, அதற்கும் திட்டு. அதனால் யாரும் வைப்பதில்லை. எங்கள் லைனில் காதை நம்பி யாரும் பேசுவதும் இல்லை. எதிரில் இருப்பவள் வாயசைவைப் பார்த்தே ஊர்க்கதை முழுவதையும் பேசி முடித்துவிடுவோம் என்று உங்களிடம் எத்தனை முறை பெருமை அடித்திருக்கிறேன்! அந்தச் சாமர்த்தியம்தான் இப்போது என்னை மாட்டிவிட்டது.

உங்கள் ஓட்டல் முதலாளியம்மா அடுத்த மாதம் என்னிடம் போனில் பேசிப் பார்ப்பதாகவும், என் பிரெஞ்சு புரிந்தால் உங்களோடு வேலை தருவதாகவும் சொன்னாரே, அன்றிலிருந்து பாண்டிச்சேரி டீச்சரிடம் வீடியோவில் படிக்கிறேன். அவர் உதட்டைக் குவித்தால் நானும் குவிப்பேன். உச்சரிப்பு நன்றாக வருகிறது என்று மெச்சுவார். நீங்கள் அனுப்பும் ஆடியோவைக் கேட்டுத் திருப்பிச் சொன்னால் மட்டும் எல்லாமே தப்பு. பயிற்சியே செய்வதில்லை, ஏன் இப்படிக் கத்துகிறாய் என்று கோபித்துக்கொண்டீர்கள். அன்று நான் சாப்பிடவே இல்லை. பஸ்ஸிலும் அடுப்படியிலும் மெஷின் பக்கத்திலும் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் லைனில் இருக்கும் சத்யாகூட, "இன்னாக்கா, தொண்டைல மீன் முள்ளு மாட்டிக்கிச்சா?" என்று கேலி செய்கிறாள்.

போன வாரம் வகுப்பின் நடுவில் நெட் படுத்துவிட்டது. டீச்சரின் படம் போய்க் குரல் மட்டும் வந்தது. தொண்டையில் உரசுகிற எழுத்தும், மூக்கில் போகிற ஓசையும் உதட்டில் தெரியாதவை. எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. படம் திரும்பி வந்ததும் டீச்சர் திட்டவில்லை. முதலில் போய்க் காதைக் காட்டும்மா என்றார்.

மீஞ்சூரில் காது டாக்டரிடம் போனேன், சத்யா துணைக்கு வந்தாள். ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் கையைத் தூக்கச் சொன்னார்கள். முதலில் சில தடவை தூக்கினேன். பிறகு சத்தமே வரவில்லை. இதோ வரும், இதோ வரும் என்று கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹெட்போனைக் கழற்றி, முடிந்துவிட்டது என்றார்கள். போனது திரும்பாதாம். காது மிஷின் வைத்தால் ஓரளவு கேட்குமாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். நீங்கள் சொல்லும் பதில் எனக்குக் கேட்காமல் போனால், அதை இன்னொரு முறை சொல்லுங்கள் என்று எந்த வாயால் கேட்பேன்?

முதலாளியம்மாவிடம் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். முகம் பார்த்துப் பேசினால் தட்டுத் தடுமாறியாவது தேறிவிடுவேன் என்று சொல்லுங்கள். அவர் வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவிடம் போகப்போகிறோம் என்று கிரேஸ் ஸ்கூல் முழுவதும் சொல்லி வைத்திருக்கிறாள். அவளுக்கு நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை.

உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வீடியோவில் வாருங்கள். வெளிச்சம் முகத்தில் விழும்படி உட்காருங்கள். குளிருக்கு என்று மீசை வளர்த்திருக்கிறீர்களே, அது மேலுதட்டை மூடிவிட்டது. எனக்காக அதைக் கொஞ்சம் கத்தரித்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஹெலன்