பகிடிக்குச் சொன்னது

ஞாயிறு இரவு, வெள்ளவத்தை

இன்று மத்தியானம் ஹெவ்லொக் டவுனில் சுலோவின் மகளுக்குப் பிறந்தநாள் விருந்து. பள்ளிக்கூட நாளிலிருந்து என் சிநேகிதி என்று நான் நம்பியிருந்த சுலோ, ரோல்ஸ் தட்டை நீட்டியபடி எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்: "இவளோட கவனமாக் கதையுங்கோ. விசர்க் குளிசை போடுறவள்!"

என் பிள்ளை வயிற்றிலேயே இறந்த பிறகு மனச்சோர்வுக்கு அந்த மாத்திரையை எடுக்கிறேன் என்று அவளுக்கு மட்டும்தான் சொல்லியிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைக்கத்தான் கூடுதல் அருவருப்பு.

என்னோடு வேலை செய்யும் பரீனா மட்டும் சிரிக்கவில்லை. தன் தட்டை வைத்துவிட்டு, "வாங்க, போவம்" என்றாள். ஓட்டோவில் வீடு வரும்வரை என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் சுலோ எனக்குப் போன் எடுத்தாள்.

"பகிடிக்குத்தானே சொன்னனான். நீயும் சிரிச்சனிதானே?"

"ஓம், சிரிச்சனான். இனிச் சிரிக்கமாட்டன். எனக்குப் போன் எடுக்காதை."

வைத்துவிட்டேன். இருபது வருடச் சிநேகிதம், அழுகை வரும் என்று கட்டிலில் இருந்தபடி காத்திருந்தேன். நல்ல பசிதான் வந்தது. எழும்பிப் போய்ப் பாணும் சம்பலும் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.