அணைத்த பிறகும் நின்ற கோடு

மார்ச் 4
செய்தி வெளியாகிவிட்டது. விண்மீன்களுக்கு நடுவே இருக்கும் வாயு மேகத்தில் எங்கள் மூலக்கூறு இருக்கிறது! கார்பன் சேர்மங்களில் இதைப் போல் ஓர் அவசரக்குடுக்கையை நான் பார்த்ததில்லை. பக்கத்தில் எது வந்தாலும் அதோடு சேர்ந்து வேறொன்றாகிவிடும். அங்கே பக்கத்தில் யாருமில்லை, பிழைத்துக் கிடக்கிறது. வெற்றிடக் குழாயில் மின்சாரம் பாய்ச்சி அதை உண்டாக்கி, அதன் கைரேகை போன்ற அலைக்கோடுகளை அளந்தவள் நான். தொலைநோக்கிக்காரர்கள் அதே கோடுகளை மேகத்தில் கண்டார்கள். என் வீட்டுக்காரர் மாடி வீடு வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மகள் அதன் படத்தை வரைந்து வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மார்ச் 6
கூட்டத்தில் ‘சந்தேகம்’ மறுபடி ஆரம்பித்தாள். எதற்கெடுத்தாலும் நொட்டை சொல்கிறாள் என்று எங்கள் உதவி ஆய்வாளருக்கு நான் வைத்த பட்டப்பெயர் அது. இப்போது எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

“மின்சாரத்த அணைச்சதும் கோடு மறையுதான்னு பாத்தீங்களா மேடம்?”

உண்டாவது நின்றால் நம் மூலக்கூறு உடனே அழிந்துபோக வேண்டும், கோடும் போக வேண்டும். நியாயமான கேள்விதான்.

“நீ எனக்குச் சொல்லித் தரியா?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் குனிந்துகொண்டாள்.

நான் பார்க்கவில்லை என்பதுதான் உண்மை.

மார்ச் 7
அணைத்தேன். கோடு அப்படியே நிற்கிறது.

மார்ச் 8
குழாயின் ரப்பர் வளையத்தில் கசிவு. உள்ளே புகுந்த ஈரத்தோடு சேர்ந்து மூலக்கூறு வேறொன்றாகியிருக்கிறது. சாதுவான, நெடுநேரம் நிற்கிற ஒன்று. நான் அளந்தது அதை. மேகத்தில் கண்டதும் அதையே.

வெட்கமாக இருக்கிறது. அவ கேட்டப்பவே வாய மூடிக்கிட்டுப் போய்ப் பாத்திருக்கலாமே — எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு இனி அங்க போய் நிக்கிறது?

மார்ச் 11
அதே அறையில், அதே ஆட்கள் முன்னால் சொன்னேன். இயக்குநர் செய்தியைத் திரும்பப் பெறச் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். திட்டியிருக்கலாம்.

மகள் கேட்டாள்: “படத்த எடுத்துடட்டுமாம்மா?”

ஏப்ரல் 2
புது வளையம் போட்டு, அன்று கேள்வி கேட்டவளே அளந்தாள். கோடு வேறு இடத்தில் வந்தது. நான் அணைத்தேன். மறைந்தது. தொலைநோக்கியின் பழைய பதிவில் அந்த இடத்தைத் தேடினோம். சின்ன மேடாக, இருக்கிறது! வெறும் இரைச்சல் என்று, வெளியிட்ட படத்தில் அதை நான்தான் மழித்துவிட்டிருந்தேன்.

ஏப்ரல் 19
கட்டுரையில் அவள் பெயர் முதலில். மகள் படத்தை மறுபடி ஒட்டிவிட்டாளாம்.

இனி யாரும் அந்தப் பட்டப்பெயரைச் சொல்லக் கூடாது என்று ஆய்வகத்தில் சொன்னேன். அவள் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

“விடுங்க மேடம். பழகிடுச்சு.”