எம் திருமுகம் படமான கதை

ஜூலை 7, திங்கள்

விடாத மழை. சயானில் தண்டவாளம் தண்ணீருக்குள். குடைக் கம்பி ஒடிந்தது.

இன்று முதல் இங்கே எழுதப்போவதை ஒருவரும் நம்பமாட்டார்கள். நம்பத் தேவையும் இல்லை, எனக்காக எழுதுவது. ஆனாலும் தாராவி தொண்ணூறடிச் சாலையின் அத்தனை குண்டுகுழிகளும் சாட்சியாகச் சத்தியம் செய்துவிட்டே தொடங்குகிறேன்: தமிழ்ச் சங்க ஆண்டு விழாக்களில் ராஜா வேடம் கட்டியே கிழவனாகி, ஓய்வு பெற்றபின் நாடு நம்மை அழைக்கும் என்று வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்த ஒரு மாமன்னன், இந்தி சீரியலுக்குள் படையெடுக்கப்போகும் கதை இது.

ஓலை கொண்டுவந்தவள் ரேவதி. அக்கா மகள். செம்பூரில் விளம்பரக் கம்பெனியில் வேலை. தமிழ் பேசுவாள், படிக்க வராது. எனவே இந்த டைரி பத்திரம். புது சீரியல் ஒன்றில் கதாநாயகியின் அப்பாவுக்கு மதராஸி முகம் தேடுகிறார்களாம். போட்டோ அனுப்ப வேண்டும். ஆதார் அட்டைக்கு எடுத்ததைப் போன்ற ஒன்று இருந்தது, நீட்டினேன்.

"மாமா, இது ஹெட்ஷாட் இல்ல. இது போலீஸ் தேடுற போட்டோ."

பிறகு பாடம். குறித்துக்கொண்டது:

– தோள் வரை போதும். முகம்தான் சரக்கு.
– ஜன்னல் வெளிச்சம். கட்டம் போட்ட சட்டை கூடாது.
– சுருக்கம், மரு, வழுக்கை எதையும் அழிக்கக் கூடாது. போட்டோவில் இருக்கும் ஆளே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வர வேண்டும்.
– கண்ணில் ஏதாவது ஓட வேண்டும்.

"கண்ணுல என்ன ஓடணும்?"

"யாரையாவது திட்டுற மாதிரி நெனச்சுக்கோங்க. பட் வாயத் தொறக்கக் கூடாது."

ஆபீசில் இருந்த காலம் முழுவதும் அதைத்தான் செய்தேன். அதற்கு நடிப்பு என்று பெயர் இருப்பது தெரியாமல் போயிற்று.

அரசி (இல்லாள், இந்த ராஜ்யத்தில் வேறு பதவி அவளுக்குத் தர இயலவில்லை) அடுப்படியிலிருந்து: "ஒங்க மூஞ்சியப் படம் புடிக்க நாம காசு குடுக்கணுமாக்கும்? தெனமும் பாக்குதேனே, எனக்குல்லா யாராச்சும் தரணும்."

ஜூலை 9, புதன்

தூறல். பல்வலி. கிராம்பு வாங்க மறந்தேன்.

ரேவதி சொன்ன போட்டோகிராபர் செம்பூரில். நடிகர்களை மட்டுமே எடுப்பவராம். கிளம்பினேன், சத்தியமாக. ஆனால் பஸ் ஸ்டாப்புக்குப் போகும் வழியில் சுடலையின் ஸ்டுடியோ. நம் ஆட்களின் காதுகுத்து, கல்யாணம், கடைசி யாத்திரை எல்லாம் சுடலை கையால்தான். சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு அவன் கடையைத் தாண்டிப் போனால் சாயங்காலத்துக்குள் திருநெல்வேலி வரைக்கும் சேதி போய்விடும். அவன் வாசலில்தான் நின்றான்.

"எங்க அண்ணாச்சி, மாப்பிள மாதிரி?"

சொன்னேன்.

"நடிகரு போட்டோவுக்குச் செம்பூரா? அப்ப நாங்க இங்க என்னத்துக்குக் கடைய தொறந்து வச்சிருக்கோம்? உள்ள வாங்க."

உள்ளே போனேன். இதுதான் நான் செய்த பிழை. எங்கள் தெருவில் வேறு யாராக இருந்தாலும் இதையேதான் செய்திருப்பார்கள்.

என் சட்டை சரியில்லை என்று ஆணியில் தொங்கிய வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டான். கடையின் பொதுச்சட்டை, முதுகில் கிளிப் வைத்து இறுக்குவது. பின்னால் நீலத் திரை. நான் பழைய மேனேஜரை மனதுக்குள் திட்டத் தொடங்கினேன். கண்ணில் அனல் பறந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் திரை தீப்பிடித்திருக்கும்.

"கோவம் வேண்டாம் அண்ணாச்சி. சாந்தம். எல்லாத்தையும் விட்டுட்ட மாதிரி."

"வே, உயிரோட இருக்கவன் எதுக்கு வே எல்லாத்தையும் விடணும்?"

"படம் நல்லா வரும், சொன்னாக் கேளுங்க."

விட்டேன். கிளிக்.

ஜூலை 11, வெள்ளி

வெயில், பெயருக்கு. படம் வந்தது.

மருவைக் காணோம். சுருக்கங்களைக் காணோம். தலைக்குப் பின்னால் மெல்லிய ஒளிவட்டம். பால்நிலா வந்து என் கழுத்தின் மேல் உட்கார்ந்ததைப் போல் ஒரு முகம். திரையுலகம் மண்டியிடும் என்றே எண்ணினேன்.

டீக்கடைக்காரரிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "யாரு அண்ணாச்சி, ஒங்க கூடப்பொறந்தவரா? எப்பத் தவறுனாரு?"

அரசி வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. ஆனா கவுத்தி வைங்க."

ரேவதி போனில்: "மாமா, இத யாரு எடுத்தா? கீழ ரெண்டு டேட் போட்டா தெருமுக்குல பேனரா கட்டிரலாம்."

அப்போதுதான் உறைத்தது. கல்யாணப் படங்களை எல்லாரும் மொபைலிலேயே எடுத்துக்கொள்ளத் தொடங்கியபின் சுடலைக்கு மிச்சமிருக்கும் தொழில் கண்ணீர் அஞ்சலி பேனர். எவன் போய் உட்கார்ந்தாலும் அவன் கை தானாக மருவை அழித்து, ஒளிவட்டம் வைத்து, மோட்சத்துக்கு அனுப்பிவிடும். நல்ல மனசோடுதான் செய்கிறான். தாராவியில் ஒரு மனிதனின் முகம் ஆளுயரத்துக்குப் பெரிதாவது ஒரே ஒரு சமயத்தில்தான். அதைப் பார்க்க அவன் மட்டும் இருக்கமாட்டான்.

"இன்னொண்ணு எடுங்க மாமா. செம்பூர்ல. ப்ளீஸ்."

"அதையே அனுப்பு."

"மாமா, திஸ் இஸ் –"

"அனுப்புட்டீ. கலைக்கு அஞ்சோம்."

அஞ்சியது சுடலைக்கு. அவன் மனம் கோணுமே.

ஜூலை 14, திங்கள்

கொட்டுகிற மழை. ஆகாயமே எம்மை வாழ்த்திற்று.

தேர்வாகிவிட்டேன். சீரியல் கோ-ஆர்டினேட்டர் போனில், "அங்கிள், ஃபேஸ் ஏக்தம் பர்ஃபெக்ட்!" நூற்றுக்கணக்கான முகங்களில் டைரக்டர் என் முகத்தைத்தான் தொட்டுக் காட்டினாராம். கதாநாயகியின் அப்பா. எல்லா எபிசோடிலும். கையெழுத்துப் போட ஏதோ அனுப்பினார்கள், போட்டு அனுப்பினேன். இங்கிலீஷ், பொடி எழுத்து. மன்னர்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவதில்லை.

பிறகு முரசறைந்தேன். எங்கள் கட்டிடம், எதிர்க் கட்டிடம், மாட்டுங்கா பூக்கடை, கோயில் வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிறவர். தாதருக்குப் போகிற லோக்கல் இந்தச் செய்திக்காக மாட்டுங்காவில் கூடுதலாக நின்றது. கார்டு இறங்கிவந்து கைகுலுக்கினார்.

அரசி அம்பாசமுத்திரத்தில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டாள். நான் கேட்கவில்லை என்ற நினைப்பில்: "ஒங்க அத்தானுக்கு டிவில வேஷம்லா. அப்பா வேஷம். ஆமா, பெரிய வேஷம்தான்." அந்தக் குரலை என்னைப் பற்றிப் பேச அவள் எடுத்து நாளாகிறது.

வசனம் எப்போது வரும் என்று ரேவதிக்கு மெசேஜ். பதில் இல்லை.

ஜூலை 16, புதன்

மழை. குழாயில் கலங்கல் தண்ணீர். கிராம்பு வாங்கினேன்.

ரேவதி நேரிலேயே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடி, "மாமா, உக்காருங்க."

உட்கார்ந்துதான் இருந்தேன்.

"அப்பா கேரக்டர் ஸ்டோரில ஆல்ரெடி ஆஃப். ஹீரோயின் மேரேஜுக்கு முன்னாடியே. செவுத்துல போட்டோ. மாலையோட. நீங்க போக வேண்டாம் மாமா, போட்டோ போதும்." பிறகு ஆறுதலாக, "ஆனா அவ டெய்லி ஒங்க முன்னாடி நின்னு பேசுவா. டெய்லி."

கையில் கரண்டியோடு அரசி. குக்கர் முதலில் தன் கருத்தைச் சொல்லிற்று.

"உசுரோட இருக்க மனுசனுக்கு மாலையா?"

"அத்த, இட்ஸ் ஒன்லி ஆக்டிங் –"

"நீ சும்மா இரு. ஏங்க, அவிய அதுல வெளக்கு ஏத்தி ஊதுவத்தி காட்டுவாவ. நான் இங்க நெத்தில பொட்ட வச்சுக்கிட்டு ஒக்காந்து பாக்கணுமா? சொல்லுங்க. பாக்கணுமா?"

மேசை மேல் இருந்த படத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

"போயி ஒங்க மூஞ்சிய வாங்கிட்டு வாங்க."

சரி என்றேன். வாங்கத்தான் போகிறேன். ஆனால் போகிற இடத்தில் டைரக்டரிடம் ஒரு வார்த்தை: பழைய நினைவு என்று ஒரு சீன் வைக்கக் கூடாதா? மகள் சிறுபிள்ளை, அப்பா உயிரோடு. ஒரே ஒரு வசனம். "சாப்பிட்டாயா, அம்மா" போதும். மூச்சுவிடுகிற முகமாக ஒரு தடவை அந்த கேமரா என்னைப் பார்த்தால் போதும். பிறகு என்ன மாலை வேண்டுமானாலும் போடட்டும். இதை அரசியிடம் சொல்லவில்லை.

ஜூலை 18, வெள்ளி

கோரேகாவ் படப்பிடிப்புக்குப் போய் வந்தேன். முழங்கால் வலி.

அரசியிடம் சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன். பிறகு மாற்றிச் சொல்லிவிடக் கூடாது.

ஸ்டுடியோ வாசலில் என்னைக் கண்டதும் காவலாளி சல்யூட். உள்ளே அரண்மனை அளவுக்கு ஒரு கூடம். சுவரில் நான், இரண்டாள் உயரம், கழுத்தில் சந்தன மாலை. கதாநாயகி என் படத்தின் முன் நின்று அழுதுகொண்டிருந்தாள். அப்போது நான் "நிறுத்துங்கள்" என்றேன். அவள் திரும்பினாள். படத்தில் இருப்பவரே எதிரில் நிற்கக் கண்டு "பாபுஜி" என்று அலறி மயங்கினாள். விளக்கு பிடித்தவர்கள் வெளியே ஓடினார்கள். ஜெனரேட்டர் தானாக நின்றது. டைரக்டர் என் காலில் விழுந்து, மாலையைத் தன் கையாலேயே கழற்றி, படத்தை இறக்கி, இனி எம் திருமுகத்தை எங்கும் காட்டுவதில்லை என்று தாயின் மேல் ஆணையிட்டார்.

அரசி சிரித்தாள். வெகுநாளைக்குப் பிறகு. "மயங்கியே விழுந்துட்டாளா? ஒங்க மூஞ்சிக்கு அது வேணும்." பிறகு தட்டை வைத்துவிட்டு, "அப்ப டிவில ஒங்க படம் வராதுல்லா?"

"வராது."

இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

ஜூலை 20, ஞாயிறு

மழை விட்டிருக்கிறது. அரசி மாட்டுங்கா கோயிலுக்கு. என் பெயருக்கு அர்ச்சனையாம். அடுத்த மாதத்திலிருந்து ஒளிபரப்பு என்று ரேவதி மெசேஜ்.

வெள்ளிக்கிழமை காவலாளி சல்யூட் வைக்கவில்லை. பூமாலை கொண்டுவந்தவன் என்று நினைத்து, பின்வழியாகப் போகச் சொன்னான். அரண்மனை இல்லை. மூன்று பக்கம் பிளைவுட் சுவர். படம் பஞ்சாங்கக் காலண்டர் அளவு. ஏணியில் நின்றவர் என்னைப் பார்த்து, "அங்கிள், சீதா ஹை க்யா?" நேராக இருக்கிறதா என்று என்னிடமே கேட்கிறார். மருவும் சுருக்கமும் உள்ள இந்த முகத்தை அந்த முகத்தோடு சேர்த்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. இடப்பக்கம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்றேன். சரி செய்தார்.

யாரும் மயங்கவில்லை. டைரக்டரிடம் நான் பேசவே இல்லை. படத்தைக் கேட்கவில்லை. வசனமும் கேட்கவில்லை. வாய் வரைக்கும் வந்தது, அப்போது கேமரா ஓடத் தொடங்கிவிட்டது.

சொன்னதில் ஒன்று மட்டும் நடந்தது. அந்தப் பெண் அழுதாள். கண்ணில் மருந்து ஊற்றாமல், மூக்கு ஒழுக, இரண்டு தடவை. நான் அவளுக்குப் பக்கவாட்டில், கைக்கெட்டும் தூரத்தில் நின்றேன். அவள் என் படத்தைத்தான் பார்த்தாள்.